முன்வரிசையில் பிள்ளையில்லாதவர்கள்

மலாக்காவில், ரெம்பியா பக்கத்துத் தோட்டக் கோயில் மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளில் யார் உட்கார வேண்டும் என்பதைக் கோயில் தலைவர் முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார். பிள்ளையில்லாத பெண்கள். நானும் என் முதலாளியம்மாவும் காரை விட்டு இறங்கிப் போனபோது, மஞ்சள் புடவையில், மடியில் ஆளுக்கொரு சின்ன மரத்தொட்டிலோடு அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இருந்த கூட்டம் அவர்கள் முதுகைப் பார்த்து அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்த ஓரத்துல இருக்கே, அது கணக்கெழுதுற கிராணி வூட்டு மருமக. ஆறு வருசமாச்சி லா. ஒண்ணும் தங்கல."

நான் கேட்டது இதையல்ல. ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச மண்டபம் கேட்டேன். வெறும் பேச்சுக்கெல்லாம் மண்டபம் கிடையாது, பூசையோடு வைத்தால் தருகிறேன் என்றார் தலைவர். சரி, ஒரு கற்பூரம் காட்டிவிட்டுப் பேச விடுவார்கள் என்று நினைத்தேன். அவரோ 'பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டும் பூசை' என்று ஊரெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். தொட்டிலைப் பெண் மட்டும்தான் கட்ட வேண்டுமாம். ஆண்கள் தூணில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஏதோ ஏலத்துக்கு வந்தவர்கள் மாதிரி.

தொண்ணூறுகளின் நடுவில், பள்ளியில் ஆறாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல், மலாக்கா டவுனில் ஒரு மேலவை உறுப்பினரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. மக்கள் பிரதிநிதிகளை மலாயில் மரியாதையாக அழைக்கிறபடி எல்லாருக்கும் அவர் 'ஒய்பி'. அப்போது தனியார் கிளினிக்குகளில் செயற்கை முறையில் கருத்தரிக்க வைப்பது பரவிக்கொண்டிருந்தது. அதைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு சட்டம் கிடையாது. யார் செய்யலாம், யாருடைய விந்தணுவை யாருக்கு வைக்கலாம், பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும், எதற்கும் விதியில்லை. ஒய்பி ஒரு வரைவு தயாரித்திருந்தார். புருசன் பெண்டாட்டி இருவரையும் சோதிக்க வேண்டும், கொடுப்பவர் யார் என்பது பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்லி அவளுடைய சம்மதத்தை வாங்க வேண்டும். அதைத் தட்டச்சு செய்தவள் நான். நாடே மாறப்போகிறது என்று குதித்துக்கொண்டு திரிந்தேன்.

முன்வரிசையில் என் அக்காவும் இருந்தாள். பெரியம்மா மகள். பேக்டரியில் வேலை. டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தடவை வைத்துத் தங்கவில்லை. அடுத்தது அந்த வாரக் கடைசியில். தேறினால் பிள்ளை, இல்லாவிட்டால் அத்தானுக்கு வேறு பெண் பார்ப்பதாக அவள் மாமியார் வாய்விட்டே சொல்லியாயிற்று. ஆகவே அந்த இரண்டாவது தடவையை அக்கா உயிரைப் பிடித்துக்கொள்வது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒய்பி மைக்கைப் பிடித்தார். தொட்டில்களைக் கீழே வைத்துவிடச் சொன்னார். யாரும் வைக்கவில்லை. தலைவர் முறைத்துக்கொண்டு நின்றார். சட்டத்தைப் பற்றி ஒய்பி எளிமையாகத்தான் சொன்னார். முடிக்கும் முன்பே தூண் பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஆட்டுப் பண்ணையில ஊசி போடுறாங்களே ஒய்பி, அந்த மாதிரியா?"

ஆண்கள் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் தலைகள் குனிந்தன.

"அந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதாம்பா சட்டம் கேக்குறேன்," என்றார் ஒய்பி. "ஆட்டுக்கிட்ட யாரும் சம்மதம் கேக்கறதில்ல. பொம்பளகிட்ட கேக்கணும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் சரி லா ஒய்பி. யாரோ பேரு தெரியாதவன் சரக்க வச்சிட்டா, நாளைக்கி அந்தப் புள்ள எந்தக் குலசாமிய கும்புடும்? ரத்தம் மாறிடாதா?"

அப்போதுதான் அக்காவின் மாமியார் எழுந்தார். தலைவருக்குப் பதில் சொல்கிற பெருமை அவர் முகத்தில் இருந்தது. நல்ல யோசனை ஒன்றைச் சபைக்குத் தருகிறவரைப் போலத்தான் பேசினார்.

"எதுக்குண்ணே வெளியாளு? வூட்டுக்குள்ளயே பாத்துக்க வேண்டியதுதான். பெரியவனுக்குச் சத்துப் பத்தலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க சின்னவன் ரெண்டு புள்ளைக்கு அப்பன். அவங்கிட்ட வாங்கித்தான் மருமகளுக்கு வைக்கிறோம். அதே ரத்தம், அதே குலசாமி. டாக்டரும் சரின்னுட்டாரு. யாருக்கு என்னா நட்டம்?"

சில பெண்கள் தலையாட்டினார்கள். ஆமாம், தலையாட்டினார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் "நல்ல ரோசனதான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அக்கா தொட்டிலோடு எழுந்து நின்றாள். வாசலருகே நின்ற அத்தானைப் பார்த்தாள்.

"உங்களுதுன்னுதானே சொன்னீங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"போன தடவையும் தம்பியோடதா?"

"எல்லாம் ஒண்ணுதானே," என்றார் அத்தான். "ஒங்கிட்ட சொன்னா தொல்ல, சூசா லா. வீணா மனசப் போட்டு ஒழப்பிக்குவ."

அந்தக் கொழுந்தன் வாரா வாரம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். கோழி ஈரலை அண்ணிதான் எடுத்து வைக்க வேண்டும் என்பான். அக்காவும் சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பாள். அவனுக்குத் தெரியும், அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும். சோறு போட்டவளுக்கு மட்டும் தெரியாது. மண்டபத்துக்குப் பின்னால் கைகழுவும் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சை அமுக்கத் தலைவர் தீபாராதனையைத் தொடங்கிவிட்டார். மேளக்காரர் வேறு சேர்ந்துகொண்டார். அந்தச் சத்தத்துக்குள் அக்கா தொட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டு எங்கள் காரில் ஏறி உட்கார்ந்தாள். மாமியார் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். "பூச முடியறதுக்குள்ள எந்திரிச்சிப் போனா குத்தம்டி." அதுதான் அவருக்குக் குற்றமாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அக்காவும் ஒய்பியும் நானும் அந்தக் கிளினிக்குக்குப் போனோம். தமிழ் டாக்டர்தான். ஒய்பியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அக்கா நேராகக் கேட்டாள்.

"எனக்கு வச்சது யாரோடதுன்னு எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"ஒங்க மாமியார் சொல்லிட்டதா சொன்னாங்கம்மா. ஒங்க ஹஸ்பண்டும் சம்மதிச்சிட்டாரு."

"ஒடம்பு எனக்குச் சார்."

டாக்டர் அவளை விட்டுவிட்டு ஒய்பி பக்கம் திரும்பினார். சிரித்த முகம். "இது ஃபேமிலி மேட்டர், ஒய்பி. நம்ம ஆளுங்க வெளிய போகக் கூடாதுன்னு பாக்கறாங்க, நானும் ஹெல்ப் பண்றேன். எந்தச் சட்டத்த மீறிட்டேன், சொல்லுங்க."

அப்படி ஒரு சட்டம் இல்லாததால்தானே ஒய்பி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். அந்த அறையின் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்ற குழந்தைப் படங்கள். எனக்கு அவை ஒவ்வொன்றும் அசிங்கமாகத் தெரிந்தன. குழந்தைகள் மேல் பழியில்லை. ஆனாலும் அப்படித்தான் தெரிந்தன.

"எனக்கு வேணாம் சார்," என்றாள் அக்கா. "இனிமே வர மாட்டேன்."

"யோசிச்சிச் சொல்லுங்கம்மா. வயசு போயிட்டே இருக்கு."

"யோசிச்சிட்டேன்."

பிள்ளையையும் அந்த வீட்டையும் ஒரே வாக்கியத்தில் விட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். பேக்டரித் தோழிகளோடு கிளேபாங்கில் ஒரு வாடகை வீட்டில் இடம் பிடித்துக்கொண்டாள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சமாதானம் பேசத்தான் வந்தார்கள். ஒருவர்கூட அத்தானிடம் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒய்பி மட்டும் அவளிடம் ஒன்று கேட்டார். வரைவை மேலே கொண்டுபோவதற்கு முன்னால் தன் கட்சிக்காரர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அங்கே இதைச் சொல்லலாமா என்று. வேண்டாமென்றால் விட்டுவிடுவதாகவும் சொன்னார். அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பேரு வேணாம். மத்தது எல்லாத்தயும் சொல்லுங்க. கொழுந்தன்னு சொல்லுங்க. மழுப்பிச் சொல்லாதீங்க."

தலைநகரில் நடந்த அந்தக் கட்சிக் கூட்டத்துக்கு ஒய்பி என்னையும் அழைத்துப் போனார். கோட்டும் டையுமாகப் படித்த மனிதர்கள். இங்கே தூணில் சாய்ந்து சிரிக்க யாரும் இல்லை என்று நம்பினேன். ஒய்பி மழுப்பாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் ஒருவர், தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப தம்பிக்கு டபுள் போனஸா?" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. தலைமையில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது பெண்கள் பிரிவு பார்க்க வேண்டிய விஷயம், அடுத்த முறை பேசலாம் என்றார். அந்த அடுத்த முறை இன்றுவரை வரவில்லை.

அன்று சாயங்காலம் நேராகக் கிளேபாங்குக்குப் போனேன். அக்கா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"என்னா சொன்னானுங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். "சிரிச்சாங்கக்கா."

அவள் பேக்டரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "ஒய்பி என்னா பண்ணாங்க?"

"சிரிச்சி முடிக்கற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் பொம்பளயோட சம்மதம் வேணும்னு இருக்கே, அந்த எடத்த மறுபடியும் மொதல்லேருந்து படிச்சாங்க."

"யாராச்சும் கேட்டானுங்களா?"

"ஒருத்தரும் கேக்கலக்கா. எந்திரிச்சிச் சாப்பிடப் போயிட்டாங்க."

"ஆனா படிச்சி முடிச்சாங்கல்ல?"

"முடிச்சாங்க."

பஸ் ஹாரன் அடித்தது. அக்கா ஓடிப் போய் ஏறினாள்.