விருந்தாளி இல்லாத வெள்ளிக்கிழமை

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் உடைந்த மீன்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக் கொடுத்துப் பிழைப்பைத் தொடங்கியபோது ஆங்கர் புண்ட்கோருக்கு வயது பதினாலு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஏன் என்று கேட்டால், அதற்கு மேல் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை என்பார். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சுத்தியலே அவரைத் தூக்கி நிறுத்தியது. முப்பத்தைந்து வயதில் சொந்த ஆலை. வடகடல் ஓரத்தில் எந்தக் கிடங்குக்குள் நுழைந்தாலும் சரக்கு அவர் ஆலையில் செய்த பேலட் என்னும் மரத்தட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். படித்த பொறியாளர்கள் ஒன்பது பேர் அவரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கினார்கள்.

எழுபத்தைந்தாவது வயதில் ஆலையை விற்று, குடும்பத்தின் பெயரில் அறக்கட்டளை வைத்தார். ஊருக்குள் இருக்கும் மேடு பள்ளத்தைக் கொஞ்சமாவது சமன் செய்வது நோக்கம். நிர்வாகம் மகள் மெரேட்டெயிடம். அவள் சட்டம் படித்தவள். காற்புள்ளியைக்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவாள்.

கப்பல் பட்டறை உணவகத்தில் சமைத்து ஓய்வு பெற்ற போடில் ஒரு யோசனையோடு வந்தாள். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறு வீடு. மாலை ஆறு மணிக்கு முந்நூறு வீட்டிலும் பாதிப் பேர் தனியாகத் தின்கிறார்கள், சிலர் கறுப்பு ரொட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெள்ளிதோறும் பொதுக்கூடத்தில் எல்லாருக்கும் சூடான சாப்பாடு போட்டால் என்ன?

ஆங்கருக்குப் பிடித்துவிட்டது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்பவரில்லை. ‘புண்ட்கோர் குடும்பத்தின் இலவச விருந்து’ என்று ஆள் உயரப் பலகை ஒன்றைத் தன் கையாலேயே அறுத்து, எழுதி, கூடத்தின் வாசலில் மாட்டினார். நூற்றிருபது பேருக்குப் பன்றி வறுவல், பார்ஸ்லித் தழை போட்ட வெள்ளைக் குழம்பு.

வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

அடுத்த வெள்ளி இரண்டு பேர்.

“அப்பா, ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின வெள்ளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கூடம் நிரம்பலைன்னா மூடிடலாம்,” என்றாள் மெரேட்டெ. “யாரும் வராத விருந்துக்கு அறக்கட்டளைப் பணத்தைக் கொட்ட முடியாது.”

ஏற்றிய லாரியைத் திருப்பிக்கொண்டு வந்த வரலாறு ஆங்கருக்குக் கிடையாது. அவர் நேராகச் சமையற்கட்டுக்குப் போனார். போடில் மிஞ்சிய உருளைக்கிழங்கை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பாட்டுல குறையா?” என்றார்.

“என் சாப்பாட்டுலயா? போடா அந்தப் பக்கம். உன் பலகைதான் குறை. ஒண்ணு கேக்கறேன் தலைவரே. துறைமுகத்துல பசியில வயித்தைப் பிடிச்சிட்டு நின்னப்ப, இலவசம்னு ஒருத்தன் பலகை மாட்டியிருந்தா நீ உள்ள போயிருப்பியா?”

“அடிச்சு இழுத்தாலும் போயிருக்க மாட்டேன்.”

“அப்ப அவங்களுக்கு மட்டும் மானம் இல்லையா?”

“இருக்கு,” என்று ஆங்கர் ஒப்புக்கொண்டார். அது அபூர்வம் என்பதால் போடில் கொஞ்ச நேரம் அதை ரசித்தாள்.

“சாப்பிட வாங்கன்னு கூப்பிடாதே,” என்றாள் பிறகு. “ஆள் பத்தலை, கை கொடுங்கன்னு கூப்பிடு.”

பலகையை அன்றே கழற்றினார். மறுநாள் கதவு கதவாகத் தட்டினார். விற்பனைதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே. இரண்டாம் மாடியில் ஸ்வென் ஓகெ. கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கதவைக் கால்வாசிதான் திறந்தார்.

“விருந்தெல்லாம் எனக்கு வேண்டாம்.”

“விருந்துக்கு யாரு கூப்பிட்டா? உருளைக்கிழங்கு உரிக்க ஆள் இல்லை.”

“எவ்வளவு?”

“நாப்பது கிலோ.”

கதவு முழுசாகத் திறந்தது. “கத்தி இருக்கா, இல்ல நான் என்னுதைக் கொண்டு வரவா?”

நாலாம் மாடியில் சோமாலியாவிலிருந்து வந்த ஹோதன். “பாத்திரம் யாரு கழுவறா?” என்று அவளே கேட்டாள். யாருமில்லை என்றார். “அப்ப அது என்னுது. பக்கத்துல எனக்கொரு அடுப்பு வேணும், நான் கோழி பண்றேன். உங்க பன்றியை நீங்க பாத்துக்குங்க.”

அடுத்த வெள்ளி முப்பது பேர். அதற்கடுத்து ஐம்பது. போடில் சுவரில் வேலைப் பட்டியல் ஒன்றை ஒட்டினாள். பெயர் ஏற ஏற வேலை தீர்ந்துபோயிற்று. மெழுகுவத்தி ஏற்ற ஒருவர், அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். குழம்பு கிண்ட ஒருவர், அவர் கிண்டுவது சரியா என்று சொல்ல இரண்டு பேர். வேலை முடிந்ததும் எல்லாரும் நீள மேசையில் உட்கார்ந்து ஒரு கை பார்த்தார்கள். வேலை செய்தவர்கள் சாப்பிடுவதில் யாருக்கு என்ன கூச்சம்?

கெடு வைத்த வெள்ளியன்று எண்பத்து மூன்று பேர். மெரேட்டெ கோப்போடு வந்தாள். ஆங்கர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“அருமைப்பா. இதுல விருந்தாளிங்க எத்தனை பேர்?”

“விருந்தாளியா? யாருமில்லை. எல்லாரும் வேலைக்கு வந்தவங்க.”

மெரேட்டெ பேனாவை இறக்கினாள். “வேலை செஞ்சவங்களுக்குச் சோறு போட்டா அது கேண்டீன். நம்ம பத்திரத்துல பயன் பெறுவோர்னு இருக்கு. ஒரு பத்துப் பேராவது வேணும். இல்லாட்டி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

“யாரு பயன் பெறுவோர்?” பின்னாலிருந்து ஸ்வென் ஓகெயின் குரல். “நான் நாப்பது கிலோ உரிச்சிருக்கேன்.” அவர் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். பக்கத்தில் இன்னும் இரண்டு கரண்டிகள் இறங்கின.

ஐந்து வாரம் கட்டியது ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடும் என்று ஆங்கருக்குப் புரிந்தது. பட்டியலைப் பார்த்தார். அன்று அவர் பெயர் அதில் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்து மேசையின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

“போடில், எனக்கொரு தட்டு. நான் இன்னிக்கு ஒரு வேலையும் செய்யலை. ஓசிச் சாப்பாடுதான்.”

எண்பத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கர் முதல் வாயை எடுத்தார். காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் சாப்பிட்டார். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“உங்க பேரை எழுத முடியாதுப்பா,” என்றாள் மெரேட்டெ மெதுவாக. “நிறுவனருக்குப் பயன் போகக் கூடாது.”

“எழுதாதே. எப்படி உக்காரணும்னு காட்டினேன்.”

ஸ்வென் ஓகெ அவரை உற்றுப் பார்த்தார். “நல்லா இல்லை, ரொம்ப விறைப்பா உக்காந்திருக்கே. என்னால இதைவிட நல்லாச் செய்ய முடியும்.”

“அப்ப அடுத்த வெள்ளி உன் முறை,” என்றாள் போடில். எழுந்து போய், பட்டியலின் கடைசியில் ‘விருந்தாளி, பத்துப் பேர், முறை வைத்து’ என்று எழுதினாள். முறை என்று வந்துவிட்டால் தட்டிக்கழிப்பவர் யார் அங்கே? பேனா கை மாறி மாறிப் போயிற்று. பத்தும் நிரம்பியது, பதினோராமவர் தன்னை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொண்டார். மெரேட்டெ சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

ஹோதன் மட்டும் பத்தாவது இடத்தில் எழுதின தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் உக்காந்துட்டா பாத்திரம் யாரு கழுவறது?”

“நான்,” என்றார் ஆங்கர். “இந்த ஊர்ல என்னை மாதிரி கழுவ ஆள் கிடையாது.”

அவள் எண்ணெய் பிசுக்கேறிய பெரிய சட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

“முதல்ல இதைக் கழுவிக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்.”