ஜட்ஜ் துரையின் குரல்

பாண்டியம்மாளுக்கு இங்கிலீஷில் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் ரயில்வே துரை பங்களாவில் பதினோரு வருஷம் ஆயாவாக இருந்ததில் அந்தப் பாஷையின் ஏற்ற இறக்கம் அவளுக்கு அத்துப்படி. எட்டு வருஷம் வெளிநாடுகளில் அதையே பேசித் திரிந்த எனக்கு, அவள் சொல்லித்தான் அது உறைத்தது.

“எங்க, எதுக்குன்னு கேட்டா குரல் எறங்கத்தான் செய்யும் தாயி. அதுக்குப் பயமில்ல. பாலைக் காய்ச்சுனியான்னு கேக்கையில மேல போகணும். போனா, தொரசாணிக்கு நெசமாவே தெரியலன்னு அர்த்தம். அதுவும் எறங்குச்சுன்னா, காய்ச்சலன்னு முடிவு கட்டிட்டாக.”

1936இல் அவள் தம்பி விருமாண்டி மேல் கொலைக் கேஸ். சோழவந்தான் பக்கம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டியால் அடிபட்டு ஒருவன் இறந்துபோனான். சாட்சிகள் முடிந்து ஜட்ஜ் துரை விருமாண்டியை விசாரித்த அன்று, பாண்டியம்மாள் லீவு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருந்தாள்.

துரை கேட்பதைக் குமாஸ்தா சாம்பசிவம் தமிழில் சொன்னார். “நீ மடைக்குப் போனாயா?” குழந்தையிடம் கேட்பதுபோல அவர் கேட்க, விருமாண்டி முகம் தெளிந்து கையை ஆட்டி ஆட்டி விவரம் சொன்னான். துரை ‘டிட் யூ’ என்று ஐந்து தரம் கேட்டார். ஐந்து தரமும் குரல் இறங்கியது.

வெளியே வந்ததும் அவள் புருஷன் நல்லகாமன், “எம்புட்டுப் பொறுமையாக் கேக்குறாரு பாத்தியா! மச்சானை விட்டுருவாரு” என்றான்.

“விட மாட்டாக. நாளைக்குத் தீர்ப்பு. இன்னைக்கே ஊருக்குப் போயி ஆத்தாவைக் கூட்டிட்டு வாங்க.”

“தொட்டில் ஆட்டுனவ பாரிஸ்டர் ஆயிட்டா! போடி.”

அவளே சாயங்கால ரயிலில் போனாள். வீட்டுக்கு வந்துவிடுவோம் என்ற நம்பிக்கை தம்பி முகத்தில் இருக்கும்போதே ஆத்தா அவனைப் பார்த்துவிட வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு ஜெயிலில் பார்க்கும் முகம் அதுவாக இருக்காது. ஆத்தாவிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுது அவனுக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை கோர்ட்டு வராண்டாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே விருமாண்டி சிரித்தான். “ஏக்கா, முட்டி வலிக்காரிய எதுக்கு அலைய விட்ட? நானே ரெண்டு நாள்ல வந்துருவேன்ல.”

“பாக்கணும்னுச்சு” என்றாள்.

கிழவி அவனை வைய ஆரம்பித்தாள். அரைக்குழி வயலுக்கு எதற்கு வம்பு, ஊரில் தலைகாட்ட முடியவில்லை, பெற்ற வயிறு எரிகிறது என்று, உள்ளே கூப்பிடும்வரை விடவில்லை. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

பன்னிரண்டு மணிக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. அன்று சுருண்டு படுத்த கிழவி பிறகு ஜெயிலுக்குப் போகவே இல்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம்புள்ளைய வைஞ்சிருக்க மாட்டேனே, பாவி” என்று அவள் சாகும்வரை மகளைத் திட்டினாள். பாண்டியம்மாள் கஞ்சியை ஊட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.