நாக்குக்கடி என்று எட்டு மாதம் எழுதினேன்

நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, மிளகு அளவில் ஒரு புண். தொடக்கம் அவ்வளவுதான். 1998 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கனியில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தேன். மூன்றாவது இழுப்பில் சுரீரென்றது.

பைப் பிடிப்பவர்களுக்கு இது புதிதில்லை. புகை சூடாக வந்தால் நாக்கு எரியும். அதற்கு நாக்குக்கடி என்று பேர். இலை ஈரமாக இருந்தால் கடிக்கும், அவசரமாக இழுத்தால் கடிக்கும். இரண்டு நாள் பைப்பைத் தொடாமல் இருந்தால் ஆறிவிடும். எனக்கு ஆறவில்லை. நான் புகையிலையை மாற்றினேன்.

மராட்டிக்காரர்கள் ஊரான போசரியில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். உருப்படியில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மெஷின் ஷாப்பில் பேச்சு. அந்தத் தலைக்கனம் எனக்கும் நிறையவே இருந்தது.

மெஷின் நிறுவ வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது பாதி டின் புகையிலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிறுக்கு அங்கே பிடித்தது. வெளிநாடு போகிற யாரைப் பார்த்தாலும் டின் கேட்பேன். கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் ஒரு கடைக்காரர் எனக்காகவே வரவழைப்பார். அறுபது டின் வரை சேர்ந்துவிட்டது. சிலவற்றை ஏழெட்டு வருடம் திறக்காமல் வைப்பேன். மூடிக்குள்ளேயே இலை கனிந்து இனிக்கும். வீட்டுக்குள் அந்த வாசனையே ஆகாது என்று என் மனைவி சரோஜா சொல்லிவிட்டதால் டின்கள் வைத்த பீரோ பால்கனியில் நின்றது.

ஒவ்வொரு கலவையையும் ருசி பார்த்து நோட்டில் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஈரம் எப்படி, முதல் கால்வாசி எப்படி, அடியில் கசக்கிறதா. அந்த வருடம் எழுதியதை இப்போது படித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மார்ச்: இடது ஓரத்தில் கடி, இலை இளசு. மே: அதே இடத்தில் கடி, கலவையில் குறை. ஜூலை: மென்மையான இலைக்கு மாறியும் கடி. செப்டம்பர்: இந்த டின் கெட்டுவிட்டது. ஒன்பது டின்களை நிராகரித்திருக்கிறேன். நாக்கை ஒரு தடவைகூட கண்ணாடியில் பார்க்கவில்லை.

வீட்டில் இன்னொன்று நடந்தது. சாம்பார் காரம் என்றேன். சரோஜா மிளகாயைக் குறைத்தாள். ரசம் எரிகிறது என்றேன்; மிளகை விட்டாள். தீபாவளி வந்தபோது எனக்குத் தனிச் சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தாள். வயசாகிறது, வயிறு தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாளாம். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நவம்பரில் இடது காது வலித்தது. காதுக்காகத்தான் டாக்டரிடம் போனேன். அவர் காதைப் பார்த்துவிட்டு, துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தார். முகம் மாறியது. எத்தனை நாளாக என்று கேட்டார்.

"பதினஞ்சு நாளா இருக்கும்" என்றேன்.

கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகள் மாலதி கூட வந்திருந்தாள். "அப்பா, ஏன் ஜூட் சொல்றீங்க?" என்றாள். ஜூட் என்றால் பொய்; அவள் தமிழில் பாதி இந்திதான். மறுநாள் அவளே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், நோட்டை அறுவை சிகிச்சை நிபுணரிடம் கொடுத்தாள். மராட்டிக்கார அம்மாள், சிரிப்பென்பதே கிடையாது. பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு இந்தியில் சொன்னார்: "தன் நோயை இவ்வளவு சுத்தமாக எழுதிக்கொண்டு வந்த நோயாளி நீங்கள்தான். மார்ச்சிலேயே வந்திருந்தால் நகக்கண் அளவு வெட்டியிருப்பேன்."

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. ஹெமிகுளோசெக்டமி (நாக்கில் பாதியை அகற்றும் அறுவை) செய்தார்கள். கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. மூக்கில் விட்ட குழாய் வழியாகக் கஞ்சி. எச்சில் சுரப்பது நின்றுபோயிற்று. ருசி என்பதும் போயிற்று. எதைச் சாப்பிட்டாலும் நனைந்த அட்டைதான்.

ஒரு நாள் கட்டிலருகே சரோஜா அழுதுகொண்டே சொன்னாள்: "காரத்தக் கொறச்சது நான்தாங்க. கொறைக்காம இருந்திருந்தா நீங்க அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பீங்க."

பேச முடியாததால் தாளில் எழுதினேன்: பைத்தியம் மாதிரி பேசாதே. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின நாள் இதையே நினைத்து எனக்கும் அவள் மேல் கோபம் வந்திருந்தது. யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்த வாரம் டின்களை எல்லாம் பழைய சாமான்காரருக்குக் கொடுத்தோம். அவர் இலையைச் சாக்கடை ஓரத்தில் கொட்டிவிட்டு வெறும் டின்களை மூட்டை கட்டிக்கொண்டு போனார். நாக்குக்கு அழாதவன் இலைக்கு அழுதேன். என்னத்தைச் சொல்ல!

பேசப் பழகினேன். கடைக்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும் நான் பேசுவது புரியாது. மாலதிக்குப் பாதி புரியும். முழுக்கப் புரிந்தது சரோஜாவுக்கு மட்டும்தான். இப்படியே நாலு வருடம் ஓடியது.

போன மாதம் காலையில் பல் தேய்க்கும்போது மிச்சமிருந்த நாக்கில் பேஸ்ட் எரிந்தது. இந்த முறை நான் பேஸ்ட்டை மாற்றவில்லை. அப்படியே சமையலறைக்குப் போய் "எரியுது" என்றேன். சரோஜா அடுப்பை அணைத்தாள். டார்ச் எடுத்துப் பார்த்தாள். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம்.

மறுபடி பயாப்ஸி. மறுபடி அதே முடிவு. மீதி நாக்கையும் எடுக்க வேண்டும். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடாமல் இருக்கக் குரல்வளையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அந்த அம்மாள். அப்புறம் பேச்சு இருக்காது.

"ஒரே நாளில் வந்தேனே டாக்டர்" என்றேன். குழந்தை மாதிரிக் கேட்டிருக்கிறேன்.

"வந்ததால்தான் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் பைப்போ பீடியோ பான்மசாலாவோ, எது பழக்கமானாலும் சரி: வாயில் வந்த புண் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் காரணம் கண்டுபிடிக்க உட்காராதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரனாக இருந்ததுதான் என் கேடு.

செவ்வாய்க்கிழமை அறுவை. இன்று வெள்ளி. மத்தியானம் கஞ்சி குடித்த பிறகு சரோஜா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"அந்தப் பொகையில பத்திச் சொல்லுங்க. ஒண்ணொண்ணும் எப்படி இருக்கும்?"

இருபது வருடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டவள். கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

லட்டாக்கியாவிலிருந்து (விறகுப் புகையில் வாட்டிய கறுப்பு இலை) ஆரம்பித்தேன். மழை நாளில் அது கொஞ்சம் புளிக்கும் என்றேன். பெரீக் (பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைத்த இலை) அத்திப்பழத்தில் மிளகைத் தூவினது மாதிரி என்றேன். ஒவ்வொரு சொல்லையும் பாதி நாக்கால் தள்ள வேண்டியிருந்தது. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ இருக்கா அதுல? இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீதான் மூக்கப் பொத்திக்கிட்டு இருந்தியே."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "நிறுத்தாதீங்க, சொல்லுங்க" என்றாள்.

ஏழெட்டு வருடம் கழித்துத் திறக்கலாம் என்று பொருளை எடுத்து வைத்த மனிதன் நான். இப்போது என் பேச்சு செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும்தான். வாய்க்குள் நாக்கு வீங்கிக் கனக்கிறது, அசைந்தால் வலிக்கிறது. ஒரு மிடறு தண்ணீரால் அதை நனைத்துக்கொண்டு அடுத்த டின்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.