ராமமூர்த்தி வீட்டு வாக்கெடுப்பு

பழங்காநத்தம் ராமமூர்த்திக்குக் கனடாவில் சொந்தபந்தம் ஒருவரும் கிடையாது. ஆனாலும் 1995 அக்டோபர் கடைசியில் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர்கள் தனிநாடு கேட்டு நடத்திய வாக்கெடுப்பில், நூற்றுக்கு ஒன்று சொச்சம் வித்தியாசத்தில் தோற்றுப்போயிருந்தார்கள்.

வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசி, வெளியே தமிழில் பிழைக்கிறவர் அவர். இங்கிலீஷ்காரர்களுக்கு நடுவே தங்கள் மொழியைக் கட்டிக் காப்பாற்றுகிறவர்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. கடைப் பலகையில் பிரெஞ்சு மட்டும்தான் என்று அவர்கள் எழுபத்தேழில் சட்டம் போட்டது, எண்பதில் முதல் வாக்கெடுப்பில் தோற்றது எல்லாம் அவருக்கு மனப்பாடம். 'நம் வீட்டுக்கு நாமே எசமான்' என்று அறுபதுகளில் அங்கே எழுந்த கோஷத்தைச் சைக்கிள் கடை சேக் இஸ்மாயிலிடம் தினமும் ஒப்பிப்பார். பாவம், பஞ்சர் ஒட்டுகிற மனுஷன் எங்கே எழுந்து ஓடுவார்?

அந்த நவம்பரில்தான் மருமகள் ஸ்வர்ணா, கோச்சடையில் ஒரு வாடகை வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். தனிக்குடித்தனம். அந்தக் கோஷத்தையும் மாமனாருக்கு மரியாதையாக நினைவுபடுத்தினாள். மகன் கிரிதரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கு உபதேசம் செய்த வாய் உடனே முடியாது என்று சொல்லுமா? வீட்டிலும் வாக்கெடுப்பு என்று அறிவித்தார். தல்லாகுளம் அரசு ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் குறிப்பு எழுதிய கை. கேள்வி நீண்டு குழம்பியதால்தான் கியூபெக்காரர்கள் தோற்றார்கள் என்பது அவர் கட்சி. ஆகவே வேண்டுமென்றே குழப்பினார். "மேற்படி குடும்பத்தின் அடுப்பு பிரிந்தாலும் ரேஷன் கார்டு பிரியாமல், ஆவணி அவிட்டம், தீபாவளி ஆகியவற்றைக் கூட்டாகக் கொண்டாடும் ஒப்பந்தத்தை முன்னிட்டு" என்று தொடங்கி முழுப் பக்கம் ஓடியது.

ஓட்டு நாலு. தம்முடையது 'இல்லை'. மகன் தொடைநடுங்கி, அவனும் 'இல்லை'. மனைவி ராதாமணிக்குக் கேள்வியே புரியாது, வெறுஞ்சீட்டுத்தான் போடுவாள். ஜெயித்தாயிற்று என்று, ஓட்டுப்பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்.

'ஆம்' இரண்டு. 'இல்லை' ஒன்று. ஒரு வெறுஞ்சீட்டு.

மகனை வாயில் வந்தபடி திட்டினார். அப்போதும் அவன் மின்விசிறியைத்தான் பார்த்தான். கியூபெக் முதல்வர் தோற்ற அன்று, பணமும் வேற்றினத்தார் ஓட்டும்தான் கவிழ்த்துவிட்டன என்று பேசியதைப் பேப்பரில் படித்து, சரியாகச் சொன்னார் என்று மெச்சியவர் இவர். அதே ஆயுதத்தை எடுத்தார்.

"வாக்கப்பட்டு வந்தவ ஓட்டு செல்லாது. இந்த வீட்டுல பொறந்தவங்க ஓட்டு மட்டுந்தான் கணக்கு."

ராதாமணி அடுப்படியிலிருந்து வந்தாள். வீட்டுக்குள் அவள் தமிழ் பேசியதே இல்லை. அன்று பக்கத்து வீட்டுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

"அந்த வெறுஞ்சீட்டு உங்க பிள்ளையோடதுங்க. 'ஆம்' போட்டது நானு. சேலத்துல இருந்து வந்து முப்பத்தோரு வருஷம் ஆக்கிப் போட்டிருக்கேன். இன்னமும் நான் வந்தவதான்னா, கோச்சடைக்கே போறேன்."

வெள்ளிக்கிழமை வந்த மினி லாரியில் ஸ்வர்ணாவின் கட்டிலோடு ராதாமணியின் டிரங்குப் பெட்டியும் ஏறியது. ராமமூர்த்தியையும் கூட்டிப்போகலாமா என்று யாரும் ஓட்டெடுக்கவில்லை.