கன்னத்தில் ஒதுக்கிய வெள்ளிக்காசு

ரோமாபுரிச் சந்தையில் காசு சோதிக்கிற தெர்த்தியுஸுக்கு நாக்குதான் உரைகல். வெள்ளிக்காசைத் தட்டிக் கேட்பான், முகர்வான், கடைசியில் வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். உள்ளே செம்பு ஒளிந்திருந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் ஒருநாள் அவன் தலைக்கே உலை வைத்தது.

முந்தின நாள் தின்ற மீன் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொதுக் கழிப்பிடத்துக்கு ஓடினான். கல்திட்டில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, காசு கன்னத்திலேயே இருக்கிறது. அதில் இருப்பது பேரரசரின் முகம்! அந்த முகத்தைக் கழிப்பிடத்துக்குள் கொண்டுபோனால் தலை தங்காது. போன மாதம்தான் இதே குற்றத்துக்கு ஒரு செருப்புக்காரன் தலை உருண்டது. துப்பினால் வெள்ளி கல்லில் பட்டுக் கணீரென்று கத்தும். விழுங்கினால், ஐயோ, அப்புறம் எந்த வழியாக வரும்!

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் லுர்கோ. ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டு, அரண்மனையில் கோள் சொல்லி வயிறு வளர்க்கிறவன்.

"என்னப்பா, கன்னம் வீங்கியிருக்கு? பல்வலியா?"

தெர்த்தியுஸ் தலையாட்டினான். மனைவி பிரீமா கண்முன் வந்தாள்.

"வாயைத் திற பாப்போம்!"

லுர்கோ அவன் தாடையைப் பிடிக்கக் கை நீட்டினான். விரலில் மோதிரம், பச்சைக் கல்லில் செதுக்கிய முகம். தினம் நூறு தடவை காசில் பார்க்கிற மூக்கு தெர்த்தியுஸுக்குத் தெரியாதா?

"அண்ணே..." என்று குழறினான். "உங்க விரல்ல இருக்கறது யாரு?"

லுர்கோ தேள் கொட்டிய திருடனாகக் கையை இடுக்கிக்கொண்டான். "கத்தாதடா! நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல."

தப்பித்தான் என்கிறீர்களா? அதற்கப்புறம்தான் நரகம். ஒன்பது வருஷம், தினமும் காலையில் லுர்கோ வந்து "சௌக்கியமாடா?" என்று சிரிப்பான். இவனும் சிரிப்பான். எவன் முதலில் போய்ச் சொல்வானோ என்று இருவருக்கும் கிலி. வாசலில் காலடி கேட்டால் தெர்த்தியுஸ் தின்கிற ரொட்டியை அப்படியே வைத்துவிடுவான். அந்தக் காசையும் செலவழிக்கப் பயந்து ஒளித்தே வைத்திருந்தான்.

கடைசியில் லுர்கோ காய்ச்சலில் செத்தான். மறுஉலகப் படகுக்காரனுக்குக் கூலியாகப் பிணத்தின் வாயில் செப்புக்காசு வைப்பார்கள். தெர்த்தியுஸ் போய், ஒளித்துவைத்த அந்த வெள்ளிக்காசை வைத்தான்.

"வெள்ளியா! உனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!" என்று விதவை அழுதாள்.

அவன் பிணத்தின் தாடையை அழுத்தி மூடினான். சிதைக்குத் தூக்கும்வரை கையை எடுக்கவில்லை. திறந்துவிட்டால்?