கழுத்தில்லாத கூட்டம்

வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, "பையில பேனா கசியுது பாருங்க, சட்டை போச்சு" என்கிறாள் தொட்டி அக்கா. உள்ளே நுழைந்த மனிதர் திடுக்கிட்டுக் குனிந்து பார்க்கிறார். மை நிஜமாகவே பரவிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு முதுகில் கண் ஒன்றும் இல்லை. எதிரே இருக்கும் பெரிய மீன்தொட்டியின் கண்ணாடியில் வாசலும் தெருவும் வருகிறவர் போகிறவரும் நிழலாகத் தெரிவார்கள். அந்த நிழலில், அந்த மனிதரின் மார்புக்குள் இப்போது இரண்டு பொன்மீன்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன.

வண்ணமீன் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், முகம் கொடுத்துப் பேசக்கூட மாட்டாளா, என்ன கர்வம் என்று நினைப்பதுண்டு. கர்வமெல்லாம் இல்லை, கழுத்து திரும்பாது. யாரையாவது நேருக்கு நேர் பார்க்க வேண்டுமென்றால், அடிமேல் அடி வைத்து முழு உடம்பையும் சுற்ற வேண்டும். அந்தச் சிரமத்தை அவள் யாருக்காகவும் எடுத்துக்கொள்வதில்லை. "மீனுக்கு மட்டும் கழுத்து இருக்கா? நாங்க எல்லாம் ஒரே கூட்டம்" என்பாள்.

பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்கிற பிறவிக் கோளாறு அது. சதையும் தசைநாரும் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறிவிடும். பிறந்தபோதே கால் பெருவிரல்கள் இரண்டும் குட்டையாக உள்பக்கம் வளைந்திருந்தன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதில் முதுகில் வந்த வீக்கத்தைக் கட்டி என்று நினைத்து அறுத்தார்கள். அறுத்த இடமே எலும்பாக இறுகிப்போனது. இப்போது முப்பத்தாறு வயதில் கழுத்து, தோள்கள், வலது முழங்கை எல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டன. கண்ணையும் நாக்கையும் அந்த நோய் தொடாதாம். நாக்கைத் தொட்டிருந்தால் தனக்குப் பாதி நிம்மதி என்று தம்பி அலுத்துக்கொள்வான். கடை இருவருக்கும் பொது.

தொட்டிக் கண்ணாடியில் 'தட்டாதீர்கள்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. மீன் வாங்க வருகிறவர்கள் உரிமையோடு தோளில் தட்டப் போனால், "போர்டு எனக்கும் சேத்துத்தான்" என்பாள். விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒரு முறை இடித்துக்கொண்டாலோ விழுந்தாலோ போதும், அந்த இடத்தில் புது எலும்பு முளைத்துவிடும்.

மதியத்தில் கடை தூங்கிவழியும். காற்றுக்குழாய்களின் குமிழிச் சத்தம், சுவரில் அசையும் பச்சை வெளிச்சம். நீண்ட குச்சியில் கட்டிய வலையை இடது கையில் பிடித்தபடி, நின்றுகொண்டே கண்ணயர்வாள். அவளுக்கு வரும் கனவுகளிலும் கழுத்து திரும்புவதில்லை. தண்ணீரில் மிதந்து முழு உடம்பாலும் திரும்புவாளாம், ஆனால் ஒரே சுழற்சியில், வலிக்காமல்.

போன மாதம் வலது இடுப்பு வீங்கத் தொடங்கியது. இனி அது இறுகத்தான் செய்யும், உட்கார்ந்த நிலையிலா நின்ற நிலையிலா என்று நீங்களே முடிவெடுத்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கேட்காமல் கொள்ளாமல் ஒரு சக்கர நாற்காலியோடு வந்து நின்றான். உட்கார்ந்தால் விழ மாட்டாள், காரில் எங்கும் கூட்டிப்போகலாம் என்பது அவன் கணக்கு. அதில் தப்பும் இல்லை. அவனுக்காக இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். தொட்டியின் அடித்தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீன்கள்தான் கண்ணுக்கு எட்டின. மூன்றாம் நாள் எழுந்துவிட்டாள்.

"உக்காந்தா கண்ணாடில எல்லாரோட முட்டிதான் தெரியுது. நான் நிக்கிறேன்டா."

"விழுந்தா?"

"விழாம இருக்க ஒரு கம்பி போட்டுக் குடு."

தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மதியம் நாற்காலியை மடித்துப் பின்னறையில் வைத்துவிட்டு, கம்பியும் துளையிடும் கருவியுமாக வந்தான். அவள் முதுகுக்குப் பின்னால், அவள் இடுப்பு உயரத்துக்கு வாசலை ஒட்டிய சுவரில் டேப் பிடித்து அளந்தான். பென்சிலால் கோடு போட்டவன், கோட்டின் மேலேயே கையை வைத்தபடி நின்றுவிட்டான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். தொட்டிக் கண்ணாடியில் எல்லாம் தெரியும் என்று அவனுக்குத் தெரியாததா என்ன, அந்த நேரம் மறந்துவிட்டான்.

அவன் தோளுக்குள் மீன்கள் போய் வந்துகொண்டிருந்தன. நின்ற இடத்திலிருந்தே ஏதாவது கேலி பேசியிருக்கலாம். அதற்குப் பதில் வலையைத் தொட்டியின் மேல் வைத்தாள். இடது காலை எடுத்து வைத்தாள், வலது காலை இழுத்துச் சேர்த்தாள், மறுபடியும் இடது. ஐந்து அடி, ஆறு அடி. முழுக்கச் சுற்றி, தம்பியின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.