இலைக்கஞ்சியும் புது உப்பும்

என் மனுஷனுக்கு வருத்தம், நோய் என்று ஒன்றும் இல்லையென்றுதான் நினைத்திருந்தேன். டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் நின்றபடியே வேலை செய்கிறவர். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. புதிதாகக் கிடைத்த குடும்ப வைத்தியர்தான், சும்மா ஒருமுறை இரத்தம் சோதித்துப் பார்ப்போம் என்றார். முடிவு வந்தபோது அவர் முகம் சரியில்லை. பிரஷர் ஏறி ஏறி இரண்டு சிறுநீரகமும் பாதிக்குமேல் பழுதாகிவிட்டதாம். பிரஷருக்கு ஒரு குளிசை எழுதித் தந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். சாப்பாட்டு ஆலோசகரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை கவனமாக இருங்கள், இல்லாவிட்டால் மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டிவரும் என்றார். மெஷின் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உள்ள எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனேன். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் எல்லாம் குப்பைப் பைக்குள் போயின.

"எடியப்பா, அந்தக் கருவாடு உனக்கு என்ன பாவம் செய்தது?" என்று பின்னால் நின்று பகிடி விட்டார்.

"வாயைப் பொத்துங்கோ! நீங்கள் போனா நான் ஆரோட இருக்கிறது?" என்று கத்திவிட்டேன். அவர் போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு டப்பா கண்டேன். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்து இரண்டாக எடுத்தேன். டொரொண்டோவிலிருக்கும் மச்சாள், அவருடைய அக்கா, போனில் அழுதபடியே வழி சொன்னார்: "காலமையில இலைக்கஞ்சி வைச்சுக் குடு. உடம்பில கிடக்கிற கெட்டதெல்லாம் கழுவிக்கொண்டு போகும்." யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு எந்த வருத்தத்துக்கும் முதல் மருந்து அதுதானே. தமிழ்க்கடையில் உறைந்த முருங்கையிலையும் வல்லாரையும் வாங்கினேன். பசளிக்கீரையும் சேர்த்து அரைத்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டு, புது உப்புப் போட்டு, பெரிய கோப்பை நிறையக் கொடுத்தேன். பத்து மணிக்கு இளநீர். வெள்ளைச் சோற்றை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

கொஞ்ச நாளில் அவர், "மெட்ரோப் படி ஏறேக்க கால் பஞ்சாக் கிடக்கு. நெஞ்சும் இடைக்கிட ஒருமாதிரி அடிக்குது" என்றார்.

சிறுநீரகம் இன்னும் பழுதாகிறது என்றல்லவா நினைத்தேன்! பின்னேரமும் ஒரு கோப்பை கஞ்சி கொடுக்கத் தொடங்கினேன். அவர் குளியலறைக்குள் கொஞ்சம் சுணங்கினாலும் போய்க் கதவைத் தட்டுவேன். "உயிரோடதான் இருக்கிறன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

சோதனைக்குத் திரும்ப இரத்தம் கொடுத்த அன்று மத்தியானம், அவர் வேலைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பொன்ஜூர் என்று பிரெஞ்சில் தொடங்கிய பெண் உடனே ஆங்கிலத்துக்கு மாறினாள். இரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகம், இதயம் நின்றுவிடலாம், இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள் என்றாள். டாக்சியில் அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. துடிக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சிவப்பு விளக்கில் வண்டி நின்ற போதெல்லாம் முருகா முருகா என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க வயர் ஒட்டி ஊசி போட்டார்கள். இளம் டாக்டர் பெண் என்னிடம் திரும்பி, என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். அந்த நிலையிலும் எனக்கு ஒரு பெருமை. கீரைக்கஞ்சி, இளநீர், சிவப்பரிசி, சோடியம் குறைந்த நல்ல உப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. கீரையிலும் இளநீரிலும் அதுதான் நிறைய இருக்கிறது. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் போட்டிருப்பதே அதுதான். அவர் குடிக்கும் குளிசையும் அதை உடம்பில் தேக்கும். "உங்கள் பிழையில்லை" என்றும் சொன்னாள். பிழையில்லையாம்! கோப்பையை அவர் வாயருகில் பிடித்தது யாருடைய கை?

இரண்டு நாளில் ஆளை வீட்டுக்கு விட்டார்கள். வெள்ளைச் சோறு சாப்பிடலாமாம். மரக்கறியை, பொட்டாசியம் இறங்க, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டுமாம். குசினியில் நின்றேன். தக்காளிக்குப் பயம், உருளைக்கிழங்குக்குப் பயம், பருப்புக்குப் பயம். இத்தனை வருஷம் சமைத்த எனக்கு ஒரு கறி வைக்கத் தெரியவில்லை. போஞ்சிக்காயை அவித்து வடித்து, கொஞ்சம் சோற்றோடு கோப்பையில் போட்டுக் கொண்டுபோய், மேசையில் வைக்க முடியாமல் கையில் பிடித்தபடி நின்றேன்.

"எனக்கு ஏலாதப்பா. இனி நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்கோ" என்றேன்.

"விசர்க்கதை கதையாத. வை, பசிக்குது."

கோப்பையை வாங்கிச் சோற்றைப் பிசைந்தார். அதற்குள் என்ன போட்டேன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. ஐயோ, ஒருக்காக் கேளுங்கோவன், ஒருக்கா என்னைச் சந்தேகப்படுங்கோவன் என்று என் மனம் கதறியது. அவர் அடுத்த வாயையும் அள்ளினார்.